டிக் போடாத கட்டங்கள்

இந்தா வசந்தா, என் கண்ணே,

"அன்புள்ள மனைவிக்கு"ன்னு எழுதிட்டு அடிச்சுட்டேன். நாம ரெண்டு பேரும் என்னைக்கு அப்படிப் பேசியிருக்கோம்? நான் "இந்தா"ன்னா நீ அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்ப்பே. நீ "இந்தாங்க"ன்னா நான் பேப்பரை மடிச்சு வைப்பேன். அதே மாதிரிதான் இப்பவும் கூப்பிடறேன். கொஞ்சம் திரும்பு.

இதை ஊரே படிக்கப் போகுது, முன்கூட்டியே சொல்லிடறேன். ஃபேக்டரியில ரிட்டயர் ஆனவங்க சங்கத்துல ஒரு மலர் போடறாங்க. போய்ச் சேர்ந்தவங்களைப் பத்தி வீட்டு ஆளுங்க எழுதித் தரணுமாம். பொறுப்பு யாருன்னா நம்ம எதிர்வீட்டு ஏழுமலை. ஃபேக்டரியில பெயின்ட் அடிக்கிற ஷாப்புல இருந்தப்போ ஒரு வரி எழுதச் சொன்னா ஓடி ஒளிஞ்ச ஆளு, இப்போ எடிட்டர். "அண்ணியைப் பத்தி நீ எழுது அண்ணாத்தே, உன்ன உட்டா யாருக்கு இன்னா தெரியும்?"னு வாசல்லயே நின்னான். உட்காந்து பார்த்தேன். உன்னைப் பத்தி எழுத எனக்கு வரலை வசந்தா. உனக்கு எழுதத்தான் வருது. படிக்கிறவங்க படிச்சுட்டுப் போகட்டும்.

முதல்ல வீட்டுச் சேதி. மேனாம்பேடு ரோடை மறுபடியும் தோண்டிட்டாங்க. போட்டு மூடி, வண்டி ஓடி, நாம சந்தோஷப்பட்டு முடிக்கிறதுக்குள்ள இன்னொரு குழாய்க்காகத் திரும்பவும் தோண்டியாச்சு. நீ வச்ச கறிவேப்பிலைச் செடி மாடிப் படிக்கட்டு வரைக்கும் வந்துடுச்சு. தெருவுல பாதிப் பேர் வந்து கிள்ளிட்டுப் போறாங்க. ஏழுமலைக்கு முட்டியில ஆபரேஷன் ஆச்சு, ஆனா வாய் மட்டும் அப்படியே இருக்கு.

பெரிய சேதி என்னன்னா, தீபா புனேவுக்குப் போயிட்டா.

அதுக்கு நீ இப்போ "அப்படியா!"ன்னு சொல்லியிருப்பே, உன் முகம் எனக்குத் தெரியுது. நீ படுத்திருந்தப்போ வந்த வாய்ப்பை அவ வேணாம்னு சொன்னது உனக்கு எவ்வளவு உறுத்துச்சுன்னும் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்ல அவ வேலை பார்த்த ஆபீஸ்ல அவளுக்குக் கீழே வேலை கத்துக்கிட்டவங்கல்லாம் மேல போயிட்டாங்க, இவ மட்டும் அம்மா, ஆஸ்பத்திரி, அப்பான்னு நின்னுட்டா. கட்டில்ல சாஞ்சுக்கிட்டு நீ என் கையைப் பிடிச்சுச் சொன்னியே, "எனக்காக அவ நின்னது போதும். உங்களுக்காகவும் நிக்க வச்சுடாதீங்க"ன்னு. அந்த ஒரு வார்த்தையை நான் கீழே போடவே இல்லை.

ஆனா அவ எங்க நம்பினா? நம்பற மாதிரி நானும் நடந்துக்கலை. நீ போன புதுசுல பால் பொங்கி அடுப்பை அணைச்சு, கேஸ் வாடை வர்ற வரைக்கும் ஹால்ல உட்காந்திருந்தேன். சாவியை உள்ள வச்சுக் கதவைச் சாத்திட்டு ஏழுமலை வீட்டுல போய் மதியச் சாப்பாடு சாப்பிட்டேன். சர்க்கரை மாத்திரை போட்டேனா இல்லையான்னு எனக்கே தெரியாம ரெண்டு தடவை போட்டு மயங்கி விழப் பார்த்தேன். இத்தனை வருஷமும் "இந்தாங்க, மாத்திரை"ன்னு ஒரு குரல் வந்துதே, அது வர்ற வரைக்கும் காத்திருந்தே பழகிட்டேன் போல.

ஆபீஸ்ல மறுபடியும் கூப்பிட்டாங்க. இந்தத் தடவை ஒரு டீமுக்கே பொறுப்பு. கொஞ்ச நாள் புனேவுக்கு வந்து வேலை பாரு, பிடிச்சா நிரந்தரமா இரு, இல்லைன்னா திரும்பிப் போயிடுன்னு சொல்லியிருக்காங்க. அவ யோசிச்சா, நான் கெஞ்சினேன். கடைசியில ஒரு நிபந்தனை போட்டா. "அப்பா, நான் ஒண்ணு சொல்லித் தரேன். அதை ஒழுங்கா செஞ்சீங்கன்னா இருக்கேன். இல்லைன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்துடுவேன்."

என் போன்ல ஒரு ஆப் போட்டுக் கொடுத்தா. குறிப்பு எழுதுற ஆப். எழுத்தையெல்லாம் பெருசாக்கி, சாப்பாட்டு மேஜையில என் பக்கத்துல உட்காந்து பொறுமையா சொல்லிக் கொடுத்தா. செய்ய வேண்டிய வேலையை ஒவ்வொண்ணா எழுதணும். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு சின்னக் கட்டம் வரும். அதைத் தொட்டா டிக் விழுந்து, அந்த வரி மேல ஒரு கோடு ஓடி, அது கீழே இறங்கிடும். நேரத்தைக் குறிச்சு வச்சா மணி அடிக்கும். "இதே லிஸ்ட் என் போன்லயும் தெரியும்பா. நீங்க எழுதினா நான் பார்ப்பேன். நான் தொட்டா உங்களுக்கும் டிக் விழும்"னா. அங்க நின்னு தொட்டும் காட்டினா. எனக்கு வாயெல்லாம் பல்லு.

சும்மா சொல்லக் கூடாது வசந்தா, அந்த ஆப் எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஏன்னு நினைக்கிறே? அது அச்சு அசலா ஃபேக்டரியில எங்க லேத்து ஷாப்புல இருந்த ஜாப் கார்டு. என்ன வேலை, எப்போ முடிக்கணும், யாரு செய்யணும், எல்லாம் ஒரே இடத்துல. லேத்து முன்னாடி நின்ன காலம் பூரா அந்த அட்டையைப் பார்த்துத்தானே பொழுதை ஓட்டினேன். ஒத்த விரலால தடவித் தடவி எழுதினேன். காலை மாத்திரை. பால் வாங்கறது. மோட்டார் போட்டு, மறக்காம நிறுத்தறது. கேஸ் புக் பண்றது. கரண்ட் பில். மேல் டேங்க் கழுவறது. கறிவேப்பிலைக்குத் தண்ணி. தோசை மாவு. மணி அடிக்கும், எழுந்து போய் செய்வேன். இத்தனை நாளா தலைக்குள்ள எல்லாம் குழம்பிக் கிடந்துச்சு, இப்போ அதை வெளியே எடுத்து வரிசையா வச்ச மாதிரி ஆயிடுச்சு. காலையில எழுந்ததும் இன்னைக்கு என்னன்னு பார்க்க ஒரு ஆசையே வந்துடுச்சு. நீ போன பிறகு காலையில எழுந்திருக்க எனக்கு வேற காரணமே இல்லாம இருந்துச்சு தெரியுமா?

ஒண்ணே ஒண்ணைத் தவிர எல்லா வேலையும் செஞ்சேன். உன் மேல சத்தியமா செஞ்சேன். ஆனா ஒரு டிக்கூடப் போடலை.

ஏன்னு உனக்குப் புரியும், ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல வாழ்ந்தவ நீ. மத்தவங்களுக்காகச் சொல்றேன். எங்க ஷாப்புல ஒரு சட்டம் உண்டு. செஞ்சவன் தன் வேலையைத் தானே பாஸ் பண்ணக் கூடாது. பீஸைக் கடைஞ்சு முடிச்சு, துடைச்சு, தட்டுல வச்சுட்டுத் தள்ளி நிக்கணும். இன்ஸ்பெக்டர் வருவார், அளப்பார், வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்ப்பார், முத்திரை குத்துவார். குத்தினாத்தான் வேலை முடிஞ்சுது. அந்த முத்திரையை நானே தொட்டா என்ன ஆகியிருக்கும்? மானம் போயிருக்கும், வேலையும் போயிருக்கும். அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் எனக்கு அதுதான் தோணுச்சு. வேலை என்னுது, கட்டம் தீபாவுது. தினமும் சாயந்தரம் போன் பண்ணி "மாத்திரை போட்டீங்களா, கேஸை மூடினீங்களா, டேங்க் ஆச்சா"ன்னு கேட்கிறாளே, அதுதான் இன்ஸ்பெக்‌ஷன்னு நினைச்சேன். கேட்டு முடிச்சுட்டு அவ டிக் போடுவான்னு காத்திருந்தேன்.

வீட்டுலயும் நமக்கு அப்படித்தானே நடந்துச்சு? கத்திரிக்காய் வாங்கிட்டு வந்தா நேரா கூடையில போட்டிருக்கேனா? உன் முன்னாடி கொட்டுவேன். நீ ஒவ்வொண்ணாத் திருப்பிப் பார்த்து, பூச்சியைத் தனியா ஒதுக்கி, "ம், சரி"ன்னு சொன்ன பிறகுதான் நான் சட்டையைக் கழட்டுவேன். அந்த "சரி" வரலைன்னா எனக்குக் கடைக்குப் போன மாதிரியே இருக்காது.

டிக் விழவே இல்லை. தினமும் காலை மாத்திரைக்கு ஒரு புது வரி எழுதறேன், பழைய வரி போக மாட்டேங்குது. லிஸ்ட் அனுமார் வால் மாதிரி நீண்டுக்கிட்டே போகுது. தேதி தாண்டினதெல்லாம் சிவப்பா மாறி நிக்குது. எனக்குள்ள ஒரு கவலை வந்துடுச்சு. இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணலைன்னா வேலையில ஏதோ குறை இருக்கணுமே? அவகிட்ட கேட்கவும் கூச்சம். புது இடம், புது வேலை, அவளுக்கு ஆயிரம் இருக்கும், இதுல "ஏம்மா என் டேங்க்கை பாஸ் பண்ணலை"ன்னு நச்சரிக்கிறதா? அதனால நானே ரீவொர்க் ஆரம்பிச்சேன். கழுவின டேங்க்கைத் திரும்பக் கழுவினேன். துடைச்ச ஃபேனைத் திரும்பத் துடைச்சேன்.

ஏழுமலை வாசல்ல நாற்காலி போட்டுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தான். "இன்னா அண்ணாத்தே, நேத்துதானே அந்த டேங்க்கைக் கழுவினே? மறுபடியும் ஏறிகினுகீற? டேங்க்கு இன்னா பாவம் பண்ணுச்சு?"

இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னேன். போனையும் காட்டினேன். அவனுக்காவது புத்தி இருக்கும்னு நினைச்சேன் பாரு! கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மேலேருந்து கீழ வரைக்கும் தள்ளிப் பார்த்துட்டு, "கரீட்டுதானே? செஞ்சவனே எப்டி பாஸ் பண்ணுவான்? அது தப்பாச்சே. பாப்பா பிசியா கீது போல. நீ பாட்டுக்கு வேலையச் செய்யி, நேர்ல வந்து மொத்தமா பாஸ் பண்ணும்"னான். ஃபேக்டரியில குப்பை கொட்டின ரெண்டு பேரும் சேர்ந்து அது சரின்னு முடிவு பண்ணிட்டோம்.

நேர்லயே வந்தா வசந்தா. ஒரு சனிக்கிழமை காலையில, சொல்லாம கொள்ளாம. நான் ஹால்ல உட்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தேன். கேட் சத்தம் கேட்டு நிமிர்ந்தா தோள்ல பையோட நிக்கறா. முகமெல்லாம் வீங்கியிருக்கு. பையைக் கீழே வச்சா, என் பக்கத்துல தரையில உட்காந்தா.

"ஆபீஸ்ல சொல்லிட்டேன்பா. எனக்கு அந்த வேலை வேணாம்னு மேடம்கிட்ட சொல்லிட்டேன். திங்கக்கிழமை எழுதிக் கொடுத்துடுவேன்."

கீரைக் காம்பு கையிலயே இருக்கு. "ஏம்மா? அங்க யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலை. அங்க எல்லாரும் நல்லவங்க. வேலையும் பிடிச்சிருக்கு." அதைச் சொல்லும்போதே அழுகை வந்துடுச்சு அவளுக்கு. போனை எடுத்து நீட்டினா. "இதைப் பாருங்கப்பா. ஒண்ணாவது டிக் ஆகியிருக்கா? ஒரு நாளாவது மாத்திரை போட்டிருக்கீங்களா? டேங்க், பில், கேஸ், எல்லாம் அப்படியே நிக்குது. தினமும் மீட்டிங்ல உட்காந்துக்கிட்டு இதைத்தான் பார்க்கறேன். சிவப்பு சிவப்பா ஏறிக்கிட்டே போகுது. போன்ல கேட்டா போட்டேன்மாங்கறீங்க. ஜுரத்துல கிடந்தாலும் ஜோரா இருக்கேன்னு சொல்ற ஆளுதானே நீங்க. முடியலைன்னா முடியலைன்னு சொல்லியிருக்கலாமேப்பா."

என் கோபம் உனக்குத் தெரியுமே. சுர்ருன்னு ஏறிடுச்சு. "யாரு செய்யலை? எவன் சொன்னான் நான் செய்யலைன்னு? எழுந்திரு. வா இங்க!"

கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன். டேங்க் மூடியைத் திறந்து காட்டினேன், அடித்தரை பளிச்சுனு தெரியுது. கரண்ட் பில் கட்டின மெசேஜைக் காட்டினேன். கேஸ் சிலிண்டர் ரெண்டும் நிறைஞ்சு நிக்குது. தோசை மாவு புளிக்காம இருக்கு. மாத்திரை? அலமாரியிலிருந்து உன் பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து மேஜை மேல கவுத்தேன். தின்னு தீர்த்த மாத்திரையோட காலி அட்டையெல்லாம் அதுல இருக்கு. ஒண்ணைக்கூட எறியலை. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்ல கேட்டா காட்ட வேணாமா?

தீபா அந்த அட்டைகளைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. மெதுவா கேட்டா. "இவ்வளவையும் செஞ்சுட்டு ஏம்பா டிக் மட்டும் போடலை?"

"நான் எப்படிம்மா போடறது? செஞ்சவனே நானாச்சே! நீ பாஸ் பண்ணுவேன்னு நான் தவம் கிடக்கிறேன். நீ ஒண்ணையும் பாஸ் பண்ண மாட்டேங்கறே. டேங்க்கைத் திரும்பத் திரும்பக் கழுவி என் இடுப்பே விட்டுப் போச்சு."

அவ சிலிண்டர் பக்கத்துல அப்படியே சாஞ்சு உட்காந்து சிரிக்க ஆரம்பிச்சா. சிரிச்சா, அழுதா, மூக்கைச் சிந்திக்கிட்டுத் திரும்பச் சிரிச்சா. "ஐயோ அப்பா, ஐயோ அப்பா"ன்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டா. எனக்கு முதல்ல ரோஷமா இருந்துச்சு. அவ முகத்துல அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா? நீ படுத்ததுக்கு அப்புறம் இந்த வீட்டுல யாரும் அப்படிச் சிரிச்சதில்லை. கடைசியில நானும் சேர்ந்துக்கிட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஏழுமலை முட்டியைத் தாங்கித் தாங்கி உள்ள வரான். "பாப்பா வந்துகிச்சா? நான் அப்பவே சொன்னேன்ல அண்ணாத்தே, நேர்ல வந்துதான் பாஸ் பண்ணும்னு!" தீபாவுக்குத் திரும்பச் சிரிப்பு. ஏன் சிரிக்கிறான்னு அவனுக்கு விளங்கலை. "இன்னாத்துக்கு சிரிக்கிறே? ரூலு ரூலுதானே?"ன்னு விறைப்பா நிக்கறான்.

மத்தியானம் சாப்பிட்டுட்டு மொத்த இன்ஸ்பெக்‌ஷன் நடந்துச்சு. அவ சோபாவுல உட்காந்துக்கிட்டு மளமளன்னு தொட ஆரம்பிச்சா. நான் விடலை. "பாக்காம போடாதே. எழுந்து வந்து பாரு"ன்னேன். வந்தா. எங்க ஷாப் இன்ஸ்பெக்டரை விட மோசம் அவ. ஃபிரிட்ஜ் கதவோட ரப்பர் மடிப்புக்குள்ள விரலை விட்டு எடுத்துக் காட்டினா, கருப்பா ஒட்டியிருக்கு. "இது ரீவொர்க்"னா. உன் பொண்ணு வேற எப்படி இருப்பா? பழைய டூத் பிரஷ்ஷால நோண்டி நோண்டிச் சுத்தம் பண்ணினேன். அவ பார்த்தா. "ம், சரி"ன்னா. வரிக்கு வரி கோடு விழுந்து கீழே இறங்க இறங்க, எனக்கு நெஞ்சுல இருந்த பாரமும் இறங்குச்சு.

கடைசியில ஒரே ஒரு வரி நின்னுச்சு. "வசந்தா பீரோ." அவ என்னைப் பார்த்தா.

"அது செய்யலைம்மா. அது மட்டும் நிஜமாவே செய்யலை"ன்னேன். தினமும் மணி அடிக்கும். போய் பீரோ முன்னாடி நிப்பேன். சாவியைப் போட்டுத் திருப்புவேன். கதவைத் திறந்தா உன் வாசனை வரும். மூடிட்டு வந்துடுவேன்.

ரெண்டு பேருமாத் திறந்தோம். புடவையெல்லாம் எடுத்துக் கட்டில் மேல வச்சோம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேச்சு, ஒரு அழுகை. பழசையெல்லாம் ரெண்டு மூட்டையாக் கட்டினோம். உன்னோட மெரூன் ஸ்வெட்டரை அவ எடுத்துக்கிட்டா, அங்க குளிருதாம். பட்டுப் புடவை வச்ச தட்டு மட்டும் அப்படியே இருக்கட்டும்னு ரெண்டு பேருக்குமே தோணுச்சு. பாதி வேலைதான் முடிஞ்சுது. பாதி டிக் போட அந்த ஆப்புல வழியில்லை. வரியை அப்படியே விட்டுட்டோம். அதுக்கு என்ன அவசரம்?

அப்புறம் அவ போனை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனா. நான் கீழே படிக்கட்டுல, உன் கறிவேப்பிலைச் செடி பக்கத்துல உட்காந்து காது கொடுத்தேன். எல்லாம் இங்கிலீஷ். பாதிதான் புரிஞ்சுது. முதல்ல சாரி மேடம், சாரி மேடம்னு வந்துச்சு. நடுவுல என்னைப் பத்தி ஏதோ சொன்னா, இன்ஸ்பெக்டர்ங்கற வார்த்தை மட்டும் காதுல விழுந்துச்சு, அந்தப் பக்கம் அந்த அம்மா சிரிக்கிறது எனக்கே கேட்டுச்சு. அப்புறம் தேங்க்யூ மேடம்னு வந்துச்சு. எனக்கு அது போதும். நான் செடியைப் பிடிச்சுக்கிட்டே எழுந்தேன். நீ சொன்னதைக் காப்பாத்திட்டேன் வசந்தா. உன் பொண்ணு எனக்காக நிக்கலை.

ஞாயித்துக்கிழமை அம்பத்தூர் ஸ்டேஷன்ல ஏத்திவிடப் போனேன். சென்ட்ரல் வரைக்கும் வரேன்னேன், வேணாம்னுட்டா. பிளாட்பாரத்துல பூ விக்கிற அம்மா பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தோம். அப்போ சொன்னா.

"அப்பா, இனிமே நான் டிக் போட மாட்டேன். நீங்கதான் போடணும்."

"அது எப்படிம்மா..."

"நான் அங்கேருந்து பாஸ் பண்ணிக்கிட்டே இருந்தா, நீங்க தனியா இருந்துக்கறீங்கன்னு எனக்கு எப்படித் தோணும்? ஃபேக்டரி முடிஞ்சுதுப்பா. இது உங்க வீடு. நீங்களே செய்யுங்க, நீங்களே பாருங்க, நீங்களே போடுங்க."

தலையை ஆட்டினேன். ஆனா உன்கிட்ட சொல்றதுக்கு என்ன, மனசு ஒப்பலை. ஷாப் சட்டம்னு நான் சொன்னதெல்லாம் நிஜம்தான். அதுக்கு அடியில இன்னொண்ணும் இருந்துச்சு, அங்க நின்னப்போதான் எனக்கே தெரிஞ்சுது. நான் செஞ்சதை நீ பார்த்து "சரி"ன்னு சொல்லுவே. அந்தக் கட்டத்தை நானே தொட்டுட்டா, இனிமே சொல்றதுக்கு நீ இல்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதுக்குத்தான் என் விரல் வரலை. காரியமெல்லாம் முடிஞ்சு, படத்துக்கு மாலை போட்டு, அதையெல்லாம் பண்ணினவன் நான்தான். ஆனாலும் இந்தச் சின்னக் கட்டத்துல வந்து நின்னுட்டேன்.

ரயில் வந்துச்சு. ஏறினா. ஜன்னல்ல கையை நீட்டினா, பிடிச்சேன், விட்டேன். கொரட்டூர் பக்கம் வண்டி போய் மறைஞ்சுது. போனை எடுத்தேன். அன்னைக்குக் காலையில நானே ஒரு வரி எழுதி வச்சிருந்தேன், "தீபாவை ரயில் ஏத்தணும்." நின்னு யோசிச்சேன். பை ஏறுச்சா? ஏறுச்சு. தண்ணி பாட்டில்? கொடுத்தாச்சு. புளியோதரைப் பொட்டலம்? கொடுத்தாச்சு. ஸ்வெட்டர் பைக்குள்ள இருக்கு. அழாம அனுப்பினேனா? ஏறக்குறைய. எல்லாத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, நானே எனக்குள்ள "ம், சரி"ன்னேன். உன் குரல்லயேதான் அது வந்துச்சு. தொட்டேன். டிக் விழுந்துச்சு.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். நல்ல பசி. தோசை ஊத்திச் சாப்பிட்டேன்.

இப்போ அவளுக்கு அந்த வேலை நிரந்தரம் ஆயிடுச்சு. ஒரு வீடு பார்த்திருக்கா, பால்கனியில செடி வைக்க இடம் இருக்காம். உன் கறிவேப்பிலையிலிருந்து ஒரு கன்னு எடுத்து வச்சிருக்கேன், தீபாவளிக்கு வந்தா கொடுத்தனுப்பணும். அதுவும் லிஸ்ட்ல இருக்கு. ஏழுமலைக்கும் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்துட்டேன். முட்டிக்கு எக்சர்சைஸ் பண்ணணும்னு எழுதி வச்சிருக்கான். பண்றானோ இல்லையோ, டிக் மட்டும் டாண்ணு போட்டுடறான். "இன்னாடா உன் ரூலு?"ன்னு கேட்டா, "அது ஃபேக்டரியோட போச்சு அண்ணாத்தே"ங்கறான். எதிர்வீட்டுலதானே இருக்கான், சாயந்தரம் நான் போய் நின்னு பண்ண வைக்கிறேன். எனக்கும் ஒரு வேலை ஆச்சு.

நீ இருந்திருந்தா இந்த ஆப்பைப் பார்த்து என்ன சொல்லியிருப்பே? "நான் பக்கத்துல இருக்கறப்போ மணி எதுக்கு?"ன்னு முறைச்சிருப்பியா? இல்லை, அப்பாடா, என் தொண்டைத் தண்ணி மிச்சம்னு சிரிச்சிருப்பியா?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கறேன். மாத்திரையை வேளாவேளைக்குப் போடுவேன். கேஸை மூடுவேன். தீபாவைப் பின்னால பிடிச்சு இழுக்க மாட்டேன். கட்டத்தை நானே தொடுவேன், ஆனா ஏழுமலை மாதிரி இல்லை. உன் கண்ணால ஒரு தடவை திருப்பிப் பார்த்துட்டுத்தான் தொடுவேன். ரப்பர் மடிப்புக்குள்ளயும் விரலை விட்டுப் பார்ப்பேன்.

இந்தக் கடிதமும் லிஸ்ட்ல ஒரு வரியா இருக்கு, "வசந்தாவுக்கு எழுதணும்"னு. எழுதி முடிச்சுட்டேன். மத்ததையெல்லாம் நானே பாஸ் பண்ணிக்கறேன், இதை மட்டும் டிக் போடாம விடறேன். தீபா அங்கேருந்து பார்த்துட்டு, "அப்பா, இது ஒண்ணு மட்டும் ஏன் பாக்கி நிக்குது?"ன்னு கேட்பா. சொல்லிக்கறேன், "வேலை முடிஞ்சுதும்மா, இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கு"ன்னு.

"இந்தாங்க"ன்னு நீ கூப்பிட்ட
உன் வீட்டுக்காரன்,
தீபாவோட அப்பா,
சண்முகம்